யார் விழுந்தாலும்

தொலைக்காட்சியில், வெள்ளைச் சட்டை போட்ட ஆட்டக்காரர் ஒருவர் கால் இடறித் தரையில் விழுந்தார்.

இலட்சுமி கைதட்டினாள்.

யட்டியாந்தோட்டைக் கடைத்தெருவில் ஸம்சுதீனின் தேநீர்க் கடை அது. உள்ளே இருந்த ஏழெட்டுப் பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். இலட்சுமி தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவள். வந்ததிலிருந்து டீவிக்கு எதிரே அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஆசியக் கிண்ணக் கூடைப்பந்துப் போட்டி நடந்துகொண்டிருந்தது. அதைப் போடச் சொன்னவர் ஜதீஸ்வரன். தபால் கந்தோரில் வேலை. வடக்கிலிருந்து மாற்றலாகி வந்தவர். பள்ளி நாட்களில் கூடைப்பந்து ஆடியவர்.

சற்று நேரத்தில், கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர் பந்துக்காக எம்பினார். இரண்டு பேருக்கு நடுவே மாட்டிக்கொண்டு, முழங்கை அடிபட விழுந்தார்.

இலட்சுமி அதற்கும் கைதட்டினாள். இந்த முறை எழுந்து டீவிக்குப் பக்கத்திலேயே போய் நின்றாள்.

"அக்கா, நீங்கள் எந்தப் பக்கம்?" என்று கேட்டார் ஜதீஸ்வரன்.

"எந்தப் பக்கமும் இல்லைங்க சேர்."

"பிறகேன் விழுறவனுக்குக் கைதட்டுறியள்?"

"சும்மாதாங்க."

அந்த ஆட்டக்காரர் விழுந்த காட்சியை மெதுவாகத் திரும்பக் காட்டினார்கள். இலட்சுமி சலித்துக்கொண்டாள்.

"விழுந்ததையே எத்தன தடவ காட்டுவானுங்களோ."

தேங்காய் வியாபாரி அப்ஹம் சிரித்தார். "ஆள் விழவும் வேணுமாம், விழுந்ததக் காட்டவும் கூடாதாம். இலட்சுமி, ஒனக்கு மேட்ச் சரிவராது. வழுக்கு மரம் பார்க்கத்தான் சரி."

கடையில் சிரிப்பு எழுந்தது. அவளும் கொஞ்சம் சிரித்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் தூரத்திலிருந்து எறிந்த பந்து, வளையத்தைத் தொடாமலே உள்ளே இறங்கியது. எல்லாரும் ஆரவாரம் செய்தார்கள். இலட்சுமி மட்டும் கைதட்டவில்லை.

ஸம்சுதீன் அவளுடைய கோப்பையைப் பார்த்தார். "டீ ஆறிட்டுது. வேற ஊத்தித் தரவா? மகன்ட கால் இப்ப எப்பிடி?"

"நல்லாயிருச்சுன்னுதான் சொல்றான் முதலாளி. ஆனா போன்ல மூஞ்சிய மட்டுந்தான் காட்டுறான். கொஞ்சம் நடந்து காட்டுடான்னா, நேரமில்லம்மான்னு வச்சிடுறான்."

அவளுடைய ஒரே மகன் நிரோஷன், சவூதியில் துப்புரவு வேலை செய்கிறான். ஆறு மாதத்துக்கு முன்னால் படிக்கட்டில் விழுந்து முழங்கால் உடைந்தது. நொண்டுகிறானாம் என்று ஒருவர் சொன்னார். இனி அந்தக் கால் மடங்காதாம் என்று இன்னொருவர் சொன்னார். எது உண்மை என்று தெரியாமல் ஆறு மாதமாக அவள் தவித்துக்கொண்டிருந்தாள்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஜதீஸ்வரனுக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, சொல்லுறனெண்டு கோவிக்காதேங்கோ. உங்கட பிள்ளையும் விழுந்து கால் உடைஞ்சவன்தானே? மற்றவையின்ர பிள்ளையள் விழேக்க கைதட்ட உங்களுக்கு எப்பிடி மனம் வருது?"

அப்ஹம்கூடச் சிரிக்கவில்லை.

இலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். "தப்புதாங்க சேர். ஆனா…"

அதற்குள் டீவியில் 'தொம்' என்று ஒரு சத்தம். வளையத்துக்கு நேர் கீழே, கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர் மல்லாக்க விழுந்து வழுக்கிக்கொண்டே போனார். இலட்சுமி எழுந்துவிட்டாள். தட்டப் போன கைகளை அவசரமாக முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். பார்வையை மட்டும் எடுக்கவில்லை.

இந்த முறை திரும்பக் காட்டவில்லை. விழுந்தவர் எழுந்து போனார். தரையில் நீளமாக வியர்வை ஈரம் தெரிந்தது. நடுவர் கையைக் காட்டினார். நீலச் சட்டை போட்ட இளைஞன் ஒருவன் துணியோடு ஓடி வந்தான். இரண்டு முழங்காலையும் மடக்கி உட்கார்ந்து ஈரத்தைத் துடைத்தான். சட்டென்று எழுந்து, வந்த வேகத்திலேயே ஓடிப் போனான்.

"மண்டி போட்டுட்டான்," என்றாள் இலட்சுமி. "மண்டி போட்டு எழும்பிட்டான். ஓடுறான் முதலாளி."

"யாரு?"

"நிரோஷன். இந்த மேட்ச் அவன் இருக்கிற ஊர்லதான் நடக்குது. 'வேர்வையத் தொடைக்க என்னையத்தான் போட்டிருக்காங்க, டீவியில பாரும்மா'ன்னான். காலையிலதான் சொன்னான். யாராச்சும் விழுந்தாத்தாங்க அவன் உள்ள வருவான். ஒவ்வொரு தடவையும், அவன் வர்ற நேரம் பார்த்து, விழுந்ததையே திரும்பத் திரும்பக் காட்டி மறைச்சிட்டானுங்க."

ஜதீஸ்வரன் தன்னுடைய நாற்காலியை டீவிக்கு நேர் முன்னால் இழுத்துப் போட்டு, அவளை உட்காரச் சொன்னார்.

"சேர், விழுந்த அந்தப் புள்ளைக்கு அடி ஒண்ணும் படலீங்களே?" என்று கேட்டாள் அவள்.

"இல்லையக்கா. அங்க பாருங்கோ, ஓடித் திரியுறான்."

ஸம்சுதீன் சூடான டீயைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். இப்போது அவள் நிதானமாகக் குடித்தாள்.

ஆட்டம் தொடர்ந்தது. ஐந்து நிமிடம் போயிற்று. பத்துப் பேரும் ஒரு முறைகூடத் தடுமாறாமல் ஆடினார்கள். ஜதீஸ்வரன் பொறுமையிழந்து, அப்ஹமின் பக்கம் திரும்பி முணுமுணுத்தார்:

"இவ்வளவு நேரமும் விழுந்தவங்கள், இப்ப பார்த்து ஒருத்தனும் விழுறான் இல்லையே."