நாலாவது ஜெர்சி

"பேரு துளசிராமன், வயசு இருபத்திரெண்டு, புதுவாயல் ஃபுட்பால் கிளப்புலருந்து வர்றேன் சார்…"

சொல்லி முடிக்கல. ஹார்டுவேர் கடைக்காரரு ஷட்டரப் பாதி இறக்கிட்டு, "மொதலாளி ஊர்ல இல்லப்பா"ன்னாரு. மொதலாளியே அவருதான்.

ஜெர்சிக்கு ஸ்பான்சர் கேட்டு காலையிலருந்து ஏறி எறங்கினதுல இது ஏழாவது கடை. ராஜபாளையத்துலருந்து கும்மிடிப்பூண்டிக்கு கான்ட்ராக்ட் வேலைக்கு வந்த துளசிராமனுக்கு, இந்த ஊர்ல சொந்தம்னு இருக்கறது அந்த டீமு ஒண்ணுதான். டீமு மொத தடவையா ஃபைனலுக்கு வந்திருக்கு. ஞாயித்துக்கெழம எல்லாரும் ஒரே கலர்ல, நம்பர் போட்ட ஜெர்சியோட நிக்கலன்னா ஆடாமலே தோத்த மாதிரி. அம்மாகிட்ட வேற, "கப்போட போட்டோ அனுப்புறேம்மா"ன்னு போன்ல சொல்லித் தொலச்சுட்டான்.

ஜெர்சி இல்லாமயா ஃபைனல் வரைக்கும் வந்தாங்க? இருந்துச்சு. ஒண்ணு இல்ல, மூணு.

சீசன் ஆரம்பத்துல பச்சக் கலரு, நெஞ்சுல பிரியாணி கடை பேரு. ரெண்டு மேட்ச் ஜெயிச்சாங்க. ரோட்ட அகலப்படுத்தறோம்னு வந்து கடைய இடிச்சுட்டாங்க. அப்புறம் ஆரஞ்சு கலரு, வெள்ளக் காலரு, கேசட் கடை. அந்த நேரம் பாத்து ஊரெல்லாம் சி.டி. வந்துருச்சு, கடை காலி.

கடைசியா செவப்புல வெள்ளப் பட்ட, எஸ்.டி.டி. பூத்து. செமி ஃபைனல் ஜெயிச்சாங்க. ஆளாளுக்கு செல்போன் வாங்கிட்டாங்க. பூத்துக்காரரு பூட்டிட்டுப் போறப்ப, மத்த ரெண்டு பேர மாதிரியே, ஜெர்சியையும் கோவமா புடுங்கிட்டுப் போயிட்டாரு.

"டீமு ஜெயிக்குது, கடை சாத்துது. நீ இன்னும் ரெண்டு தெரு நடந்தீன்னு வையி, புதுவாயல் பஜாரே லீவு வுட்ரும்"னான் சர்ஃபராஸ். பழவேற்காட்டுப் பையன், டீமோட கோல்கீப்பரு.

"சும்மா இருடா. வா, ஒரு டீ குடிச்சுட்டு யோசிப்போம்."

ரெண்டு பேரும் டீக்கடையில தலையில கை வெச்சு ஒக்காந்திருக்கறப்ப ஒரு பைக்கு வந்து நின்னுச்சு. வெள்ளச் சட்ட, நெத்தியில குங்குமம், ஐம்பது வயசு இருக்கும்.

"ஜெர்சிக்கு ஆள் தேடிக்கினு இருக்கறது நீங்கதானா? நான் மணவாளன், பெரியபாளையம். துணி, பிரிண்டு, எல்லாம் என் பொறுப்பு. இந்தப் பேரப் போட்ருங்க."

நீட்டின சீட்டுல, 'வீரராகவன் ஸ்வீட்ஸ், கோயில் எதிரில், பெரியபாளையம்'னு இருந்துச்சு.

துளசிராமனுக்கு அழுகையே வந்துருச்சு. வாய மூடிக்கிட்டா ஜெர்சி கெடைக்கும். ஆனா நல்ல மனுசன் தலையில மண்ணப் போட மனசு வரல.

"சார், ஒரு விஷயம் சொல்லணும். எங்க நெஞ்சுல பேரு போட்ட மூணு கடையும் மூடிட்டாங்க சார்."

சர்ஃபராஸ் தலையில அடிச்சிக்கினான். "இன்னாத்துக்குடா அதச் சொன்ன? உன்னோட ஒரே பேஜாரா கீது!"

மணவாளன் அசரவே இல்ல. "கேள்விப்பட்டுதான் வந்தேன். எத்தினி நாள்ல மூடினாங்கோ?"

"பிரியாணி கடை ஒண்ணர மாசம் சார். கேசட் கடை ஒரு மாசம். பூத்து… பத்து நாளு."

"பத்தே நாளா!" அவரு வெரல மடக்கி எண்ணினாரு. "அப்போ ஆடி பொறக்கறதுக்குள்ள…"ன்னவரு அதோட நிறுத்திக்கினாரு.

ஆடின்னா பெரியபாளையத்து அம்மன் கோயில்ல நிக்க எடம் இருக்காது. ஸ்வீட் கடைக்கு வருசத்துக்கே அதான் வியாபாரம். அந்த நேரத்துல போயி இவரு இப்பிடி துணியுறாரேன்னு துளசிராமனுக்கு நடுக்கமா இருந்துச்சு.

"பயமா இல்லியா சார்?"

"எனக்கு இன்னா பயம்? நெஞ்சுல மட்டும் போறாது தம்பி, முதுகுலயும் பெருசாப் போடு. அம்பது அடி தள்ளி நின்னாலும் படிக்கணும்."

பிரிண்டிங் கடை கிரேஸ் அக்கா ரெண்டே நாள்ல முடிச்சுக் குடுத்தாங்க. கத்திரிப்பூ கலர்ல ஜெர்சி, ஜாங்கிரி கலர்ல எழுத்து. போட்டுக்கிட்டு எறங்கினப்ப, பதினோரு ஸ்வீட் பாக்ஸு நடந்து வர்ற மாதிரி இருந்துச்சு.

ஃபைனல்ல ரெண்டுக்கு ஒண்ணுன்னு ஜெயிச்சாங்க. கடைசி கோலு துளசிராமன் அடிச்சது. மைக்குல அஞ்சு நிமிசத்துக்கு ஒருதரம் 'வீரராகவன் ஸ்வீட்ஸ்'தான்.

கப்ப வெச்சு போட்டோ எடுத்துக்கிட்டு இருக்கறப்ப, ஒரு குண்டு மனுசன் டி.வி.எஸ். வண்டிய அப்படியே சாச்சுப் போட்டுட்டு ஓடி வந்தாரு. முழங்கை வரைக்கும் கடல மாவு. கையில பாகு காயல.

"இந்தப் பேர யாருப்பா போடச் சொன்னது?" மூச்சு வாங்குச்சு அவருக்கு.

"மணவாளன் சாருதான்! தங்கமான மனுசன். நீங்க?"

"நான்தான் வீரராகவன்."

துளசிராமன் அவர அப்படியே கட்டிப் புடிச்சுட்டான். "மொதலாளியே வந்துட்டீங்களா! உங்க பார்ட்னருகிட்ட சொல்லுங்க சார், அடுத்த சீசனும் உங்க கடை பேருதான்!"

வீரராகவன் ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாரு.

"பார்ட்னரா? எதுத்த ஸ்வீட் கடைக்காரன்பா அவன்… தயவு செஞ்சு அந்தச் சட்டையக் கழட்டிருங்க!"