சின்னவன் பட்டினி

"பெரியவன் நல்லா இருக்கான். சின்னவனுக்குத்தான் நேத்துலேருந்து ஒண்ணுமே ஏறல. காலையில தொட்டுப் பார்த்தா உசுரே இல்ல!"

ஜாவித் பதறிய பதற்றத்துக்கு, தில்லை நகரில் ஏதாவது குழந்தை டாக்டரிடம் ஓடியிருக்க வேண்டும். அவன் வந்து நின்றது பாலக்கரையில், முகம்மது கனியின் ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடையில்.

பெரியவன், வேனை ஸ்டார்ட் செய்கிற முன்பக்கப் பேட்டரி. சின்னவன், ஃப்ரீசரை ஓட்டுகிற பின்பக்கப் பேட்டரி. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் ரோட்டில் ஜாவித்தின் ஃபலூடா வியாபாரம் முழுக்கச் சின்னவன் தலையில்தான். வண்டி ஓடும்போது ரெண்டு பேருக்கும் சார்ஜ் ஏற வேண்டும் என்பது ஏற்பாடு.

"மறுபடியுமா?" என்றாள் ஆலியா. கனியின் மகள். டிப்ளமோ முடித்த கையோடு, மல்டிமீட்டரும் தானுமாக அத்தா கடையிலேயே உட்கார்ந்துவிட்டவள்.

"மறுபடியும்தாங்க. உள்ள குல்ஃபியெல்லாம் அழ ஆரம்பிச்சிருச்சு."

வாசலில் நின்ற லாரிக்கு அடியிலிருந்து ரெண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. மீதிக் கனி உள்ளே வேலையாக இருந்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மாமா!" என்று கால்களைப் பார்த்துச் சொன்னான் ஜாவித். சில மாதம் முன்புவரை 'பாய்' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன், ஒருநாள் சத்தமில்லாமல் 'மாமா'வுக்கு மாறியிருந்தான். கால்கள் இதுவரை ஆட்சேபித்ததில்லை.

"வ அலைக்கும் ஸலாம்," என்றன கால்கள்.

உண்மையைச் சொல்லிவிடலாம். இதற்கு முன் சின்னவன் படுத்தபோதெல்லாம் படுக்க வைத்தவன் ஜாவித்தான். ரெண்டு பேட்டரிக்கும் நடுவில் ஒரு ஃபியூஸ் உண்டு. அதைப் பிடுங்கிவிட்டு, காவிரிப் பாலம் தாண்டி, வழியில் இருக்கிற அத்தனை எலெக்ட்ரீஷியன்களையும் அலட்சியப்படுத்திவிட்டு இங்கே வந்து நிற்பான். ஆலியா ஒவ்வொன்றாகச் சோதித்து, கடைசியில் புது ஃபியூஸ் மாட்டுவாள். அந்த அரைமணி நேரப் பேச்சுக்கு எத்தனை குல்ஃபி வேண்டுமானாலும் உருகலாம்.

ரெண்டு வாரமாக அந்தக் கைவேலையை நிறுத்தியிருந்தான். ஆலியாவுக்கு ஷார்ஜாவில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள் என்று டீக்கடையில் சேதி. ஏசி ரூமில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவனோடு ஃப்ரீசர் வைத்திருப்பவன் எப்படி மோத முடியும்?

நேற்று கனியே அம்மா மண்டபம் ரோட்டுக்கு வந்திருந்தார். கால் வலிக்கிறதென்று டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "ஒரு ஸ்பெஷல் ஃபலூடா போடுங்க தம்பி" என்றார். சர்க்கரை வியாதிக்காக டீயையே வெறும் டீயாகக் குடிக்கிற மனுஷன். போட்டுக் கொடுத்ததைத் தொடக்கூட இல்லை.

"ஞாயித்துக்கிழமை உங்க அத்தா வீட்லதானே இருப்பாரு?" என்று மட்டும் கேட்டுவிட்டு இறங்கிப் போனார். நிச்சயதார்த்த அழைப்புதான், வேறென்ன? மிச்சமான ஃபலூடாவை ஜாவித்தே சாப்பிட்டான். இனிக்கவில்லை.

ஆக, இந்தத் தடவை அவன் எதையும் தொடவில்லை. சின்னவன் தானாகவே படுத்துவிட்டான்.

ஆலியா வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொன்னாள். ஆல்டர்னேட்டர் பதினாலு வோல்ட் கொடுத்தது. பெரியவனுக்கு அது அப்படியே போய்ச் சேர்ந்தது. சின்னவனிடம் மீட்டரை வைத்தால் பதினொன்றைத் தாண்டவில்லை.

"பக்கத்துப் பந்தியில பிரியாணி ஓடுது. இங்க இன்னும் இலையே போடல," என்றாள்.

எர்த் பார்த்தாள், சரி. ரிலே 'டிக்' என்று வேலை செய்தது. கடைசியாக டிரைவர் சீட்டுக்கு அடியில் கையை விட்டு, அங்கே இருந்த ஃபியூஸ் கூட்டைத் திறந்தாள். காலி.

"மறுபடியும் கழட்டிட்டீங்களா?" குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அல்லா மேல ஆணையா இந்தத் தடவை நான் கழட்டலைங்க!"

"இந்தத் தடவைன்னா?"

ஜாவித் நாக்கைக் கடித்துக்கொண்டான். "உங்களுக்கு... தெரியுமா?"

"முதல் தடவையே தெரியும். தெரிஞ்சுதான் ஒவ்வொரு வாட்டியும் ஆல்டர்னேட்டர்லேருந்து ஆரம்பிச்சேன். ஃபியூஸை முதல்ல பார்த்தா அஞ்சு நிமிஷத்துல கிளம்பிருவீங்களே."

"அப்ப ஷார்ஜா?"

"வேணாம்னுட்டேன். அதுலேருந்து அத்தா என்கூட சரியாப் பேசல."

ஜாவித்துக்குள் பெரியவன், சின்னவன் ரெண்டுக்கும் ஒரே நேரத்தில் சார்ஜ் ஏறியது. ஏறிய வேகத்தில் இறங்கவும் செய்தது. லாரிக்கு அடியில் ஸ்பேனர் சத்தம் நின்றுபோயிருந்தது.

"அப்ப இதைக் கழட்டினது நீங்களா?" என்று கிசுகிசுத்தான்.

"நான் எங்க வந்தேன் உங்க வண்டிப் பக்கம்?"

கால்கள் அசைந்தன. முழங்கால், தொந்தி, தாடி என்று தவணை முறையில் கனி வெளியே வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கையில் பெரிய ஸ்பேனர் மட்டும் தெரிந்தது. ஜாவித் மனசுக்குள் கலிமா சொல்ல ஆரம்பித்தான்.

கனி ஸ்பேனரைக் கீழே வைத்தார். கரித்துணியில் கையைத் துடைத்தார். சட்டைப் பையில் விரலை விட்டு, சின்னப் பச்சை ஃபியூஸ் ஒன்றை எடுத்து மகளிடம் நீட்டினார்.

"நேத்து நான்தான் கழட்டினேன் மாப்ளே, நீங்க வராததுலேருந்து இவ சரியாவே சாப்பிடல."