வேண்டாத பதவி

மேயர் அழுதேவிட்டார். எட்டு வருஷமாக அந்த மாநகரத்தைக் கட்டி மேய்த்த மனுஷர், அதிபரின் பெரிய மேசைக்கு முன்னால் கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, நான் என்ன தப்பு பண்ணேன்? ஊரைக் கண்ணாடி மாதிரி வச்சிருக்கேன். ரோட்டுல ஒரு காகிதத் துண்டு கிடக்குதா சொல்லுங்க. இவ்வளவு நல்ல பேரையும் விட்டுட்டு எங்கேயோ போகச் சொல்றீங்களே."

அந்த நல்ல பேர்தான் அதிபருக்குத் தொண்டையில் சிக்கிய முள். போன மாதம் பாலம் திறந்தபோது மேயருக்கு விழுந்த கைதட்டல் அடங்கவே இல்லை. அதிபர் மைக்கைப் பிடித்தபடி தேமே என்று நிற்க வேண்டியதாகிவிட்டது. போதாக்குறைக்கு, "என் தம்பி இன்னும் எத்தனை நாளைக்கு வீட்டுல சும்மா உக்காந்திருப்பான்?" என்று மனைவி வேறு தினமும் பிடுங்கி எடுத்தாள்.

"தப்புன்னு யாருய்யா சொன்னது? இது உயர்வு. நாட்டோட தூதர்னா சும்மாவா? அங்கே குளிர் கொஞ்சம் ஜாஸ்தி. பாஷை போகப் போக வந்துடும்," என்றார் அதிபர், தேன் ஒழுக.

"வேற யாரையாவது அனுப்புங்கய்யா. உங்க காலைப் புடிச்சுக் கேக்குறேன்."

அவர் கெஞ்சக் கெஞ்ச அதிபருக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அந்த நிமிஷமே உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

வழியனுப்பு விழாவுக்கு அந்தக் குளிர் நாட்டின் அதிகாரி ஒருவர் வந்திருந்தார். நம் பாஷையில் ஒரு வார்த்தைகூடத் தெரியாத ஆள். மேயர் அவர் காதில் என்னவோ சொல்ல, அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பாத்தியா, பாஷை தெரியாமலே சிரிக்க வைக்கிறான். இவனை இங்கே விட்டு வச்சா நமக்குத்தான் ஆபத்து," என்று அதிபர் மனைவியிடம் கிசுகிசுத்தார்.

அன்று சாயங்காலமே மச்சினன் மேயர் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துக்கொண்டான்.

விமானத்தில் மேயரின் மனைவிக்கு மனசே ஆறவில்லை. "மாடா உழைச்சது நீங்க. சொகுசா வந்து உக்காந்துட்டான் பாருங்க."

மேயர் சீட்டைச் சாய்த்துக்கொண்டார். "உக்காரட்டும். ஊர்க் குப்பையை எட்டு வருஷமா எங்கே கொட்டினோம், தெரியுமா? பக்கத்து ஊர்ப் பள்ளத்துல. அது நிரம்பிப்போச்சு. ஒண்ணாந்தேதியிலேர்ந்து ஒரு லாரிகூட உள்ளே வரக்கூடாதுன்னு அந்த ஊர்த் தலைவர் எங்கிட்ட முகத்துக்கு நேரா சொல்லிட்டாரு. நானும் வேற பள்ளம் தேடி அலையாத இடமில்ல. ஒண்ணும் அமையல."

"ஐயையோ, அப்ப ஊரே நாறிப்போயிடுமே?"

"போகும். என் பேர் தப்பிச்சுது."

"அப்ப இந்தப் பதவியை நீங்களே போய்க் கேட்டு வாங்கியிருக்கலாமே. எதுக்கு அவர் முன்னால அந்த அழுகை அழுதீங்க?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பாரா?"