குறிப்பு என்றொரு கட்டம்

"இந்த இரைச்சலை எப்படிப்பா பொறுத்துக்கறீங்க? முதல்ல இதை நிறுத்தறேன்."

மகன் வந்து இறங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் அதிகாரம்.

ஹால் மூலையில் பழைய கம்ப்யூட்டர் உறுமிக்கொண்டிருந்தது. அப்பா வேலையில் இருந்தபோது, ஆபீஸ் மொத்தத்துக்கும் பெயர், நம்பர், விலாசம் எல்லாவற்றையும் ஒரே சர்வரில் வைத்துக் காத்தவர். ரிட்டயர் ஆனதும் குடும்பத்துக்கும் அதே மாதிரி ஒன்றை இந்தக் கம்ப்யூட்டரில் போட்டார். இதில் ஒருவர் திருத்தினால் எல்லார் போனிலும் தெரியும்.

"அதை மட்டும் தொடாதே."

"யாருப்பா இதைப் பாக்கறா? நானே ரெண்டு வருஷம் முன்னாடி என் போன்லேர்ந்து தூக்கிட்டேன்."

"பாக்கறவங்க பாக்கறாங்க."

மகனுக்குச் சுருக்கென்றது. இந்தக் குடும்பத்தில் பார்க்க யார் மிச்சம்? அம்மாவின் ஆபரேஷன் விஷயத்தில் அப்பாவும் தங்கச்சியும் முட்டிக்கொண்டார்கள். அம்மா போனதோடு அவர்கள் பேச்சும் போனது. மூன்று வருஷம் ஆகிறது.

"பெத்த பொண்ணோட பேச மாட்டீங்க. இந்தத் தகரத்தைக் கட்டிக்கிட்டு அழறீங்க. ஏதோ நான் ஒருத்தன் மாசம் தவறாம போன் பண்றேன், பொழைச்சீங்க."

அப்பா டீ போட உள்ளே போனார்.

நிறுத்துவதற்குமுன், அப்படி யார்தான் பார்க்கிறார்கள் என்று மகன் தேடினான். தினமும் காலையில் ஒரே ஒரு போனிலிருந்து மட்டும் அதைத் திறந்து பார்த்திருந்தார்கள். தங்கச்சியின் போன்.

அவள் பெயரைத் திறந்தான். நம்பர், விலாசம், அதற்குக் கீழே 'குறிப்பு' என்று ஒரு கட்டம்.

'முட்டி வலி தேவலை. உன் பையனுக்குக் காய்ச்சல் விட்டுதா?'

'விட்டுருச்சுப்பா. மாத்திரையைச் சாப்பிட்டப்புறம் போடுங்க. வெறும் வயித்துல வேண்டாம்.'

'சரிம்மா.'

கீழே போகப் போக வந்துகொண்டே இருந்தது. மூன்று வருஷமும் இருந்தது.

டீயோடு வந்த அப்பா திரையைப் பார்த்துவிட்டார். கையும் களவுமாகப் பிடிபட்ட முகம்.

"வாயைத் திறந்தா சண்டை வருது. எழுதினா வர மாட்டேங்குது. அதான்."

மகனுக்குக் கொஞ்சம் பொறாமை வந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா."

"சொன்னேனே."

அப்பா டம்ளரை வைத்துவிட்டு மகன் பெயரைத் திறந்தார். அங்கேயும் கட்டம் நிரம்பி வழிந்தது. எல்லாம் அப்பா எழுதியது. பதில் ஒன்றுகூட இல்லை. கடைசியாக எழுதியது போன வாரம்.

'இன்னைக்கு நீ போன் பண்ணினே. அவசரத்துல இருந்தே போல, ரெண்டு நிமிஷத்துல வெச்சுட்டே. அப்புறம் நான் யார்கூடவும் பேசலை. உங்கிட்ட சொல்ல நெனச்சதை இங்க எழுதி வெக்கறேன், நேரம் கிடைச்சா பாருப்பா.'