மூன்றாவது கோடு

பூரணி நான்காவது முறையாகக் கண்ணாடிக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "சார், ஆச்சா?"

"இன்னும் நாப்பது நிமிஷம் ஆகுங்க" என்றான் கார்முகிலன். மாஸ்க் போட்டிருந்ததால், வாய் காதுவரை போனது அவளுக்குத் தெரிந்திருக்காது.

வேலூரில் ஒரு ஆஸ்பத்திரி லேபின் சீனியர் டெக்னீஷியன் அவன். கிருமியின் மரபணுவைத் தேடிப் பிடிக்கும் பி.சி.ஆர். மெஷின் அவன் பொறுப்பு. பூரணி வெளியறையில் உட்கார்ந்து ரிப்போர்ட் டைப் செய்பவள். குடியாத்தத்துக்காரி, வேலையில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது.

லேபில் இருந்த மற்ற பெண்கள் எல்லாரும் 'அண்ணா, அண்ணா' என்று கூப்பிட்டே அவன் கதையை முடித்திருந்தார்கள். பூரணி ஒருத்திதான் 'சார்' என்பாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நம்மாள் ஆறு மாதமாகக் கல்யாண மண்டபம்வரை மனசுக்குள் போய்வந்துகொண்டிருந்தான். இன்றைக்குப் பேசிவிடுவது என்று முடிவு. திமிரியிலிருந்து வரும் வழியில் ஆற்காட்டில் இறங்கி, அரைக் கிலோ மக்கன் பேடா வாங்கி வெளியறை அலமாரியில் வைத்திருந்தான்.

அதற்குள் வந்து சேர்ந்தது இந்த அவசர சாம்பிள். செல்வகுமார், இருபத்தாறு வயது, ஆம்பூர் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன். காய்ச்சல், கழுத்து விறைப்பு. மூளைக்காய்ச்சல் என்பது டாக்டர்களுக்குத் தெரிந்துவிட்டது, எந்தக் கிருமி என்பதுதான் தெரியவில்லை. ஆம்பூரிலேயே கிருமியைக் கொல்லும் ஊசி போட்டுவிட்டதால் அதை வளர்த்துப் பார்ப்பது நடக்காத காரியம். செத்த கிருமியாக இருந்தாலும் பி.சி.ஆர். காட்டிக்கொடுத்துவிடும்.

ஐந்தாவது முறை வந்த பூரணி திரும்பிப் போகவில்லை. கதவிலேயே சாய்ந்து நின்றாள்.

"சார், எந்தக் கிருமியா இருந்தா மத்தவங்களுக்கும் வரும்?"

கார்முகிலன் குஷியாக ஸ்கிரீனை அவள் பக்கம் திருப்பினான். "மூணு கிருமிக்கு மூணு கோடு. இந்த மூணாவது ஏறிச்சின்னாதான் பேஜார். கூட இருந்தவங்களுக்கும் மாத்திரை குடுக்கணும். பாவம், ஒரே நாள் காய்ச்சல்ல அந்த ஆளைப் படுக்க வச்சிருக்கு பாருங்க."

"ரெண்டு நாள் சார். ஞாயித்துக்கிழமை சாயங்காலமே தலைவலி ஆரம்பிச்சிடுச்சி."

அவன் சாம்பிளோடு வந்த சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு நாள் என்றுதான் எழுதியிருந்தது. வார்டுக்கு போன் போட்டு விசாரித்திருக்கிறாள் போல. வேலையில் இவ்வளவு அக்கறையா! இவளைக் கட்டிக்கப்போறவன் கொடுத்துவைத்தவன் என்று நினைத்தான். நினைத்துவிட்டுத் தனக்குத்தானே வெட்கப்பட்டுக்கொண்டான்.

முதல் கோடு தரையோடு படுத்துக் கிடந்தது, இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது கோடு மெல்லத் தலையைத் தூக்கி, பிறகு விறுவிறுவென்று ஏறியது. சரிபார்ப்பதற்காகப் பக்கத்தில் வைத்த வெறும் தண்ணீர் ட்யூபின் கோடு அசையவே இல்லை. ஆக, டெஸ்ட்டில் தப்பு இல்லை.

"புடிச்சிட்டோம்!" என்று குதித்தான் கார்முகிலன். பூரணியின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. என்ன இளகின மனசு என்று உருகிப்போனான்.

போன் போட்ட ஐந்தாவது நிமிஷம் நர்ஸ் சைரா வெளியறைக்கு வந்துவிட்டாள். தொற்று பரவாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. ஒரு கையில் மாத்திரை அட்டை, மறு கையில் பேர் எழுதிய பேப்பர்.

"போய்க்கிட்டிருக்கிறது சரியான ஊசிதான்னு டாக்டர் சொல்லிட்டார். ஆளும் கண்ணு முழிச்சிட்டான். இட்லி வேணாம், பிரியாணி குடுன்னு ஒரே ரகளை!" என்று சிரித்தாள் சைரா. "ரூம்ல கூட தங்கினவங்க மூணு பேர், இவன் அம்மா, ஆக நாலு மாத்திரை. வேற யாரும் இல்லேன்னு சத்தியம் பண்றான். ஞாயித்துக்கிழமை முழுக்க ரூம்லயே இல்லியே, எங்கடா போனேன்னு கேட்டா பல்லைக் காட்றான். இன்னா சொல்றது அவனை!"

"யார் யாருக்கு சிஸ்டர் மாத்திரை தரணும்?" என்று கேட்டாள் பூரணி.

"ஒண்ணா தங்கினவங்க, ஒரே டம்ளர்ல குடிச்சவங்க... அப்புறம், ரொம்ப நெருக்கமா இருந்தவங்க." சைரா கண்ணைச் சிமிட்டினாள். "ஒரே ஒரு மாத்திரைதான். ஆனா யாரையாவது விட்டுட்டா அவங்களும் நாளைக்கு இதே வார்டுல வந்து படுக்கணும்."

பூரணி பயந்துபோய் நிற்பதைக் கார்முகிலன் பார்த்தான். இதைவிட நல்ல நேரம் வருமா? அலமாரியிலிருந்து பேடா டப்பாவை எடுத்தான்.

"பயப்படாதீங்க பூரணி. சாம்பிளை நான் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிதான் திறந்தேன். லேப்ல நமக்கு யாருக்கும் மாத்திரை வேணாம்." அந்த 'நமக்கு' அவனுக்கே இனித்தது. டப்பாவைத் திறந்து அவள் முன்னால் நீட்டினான். "ஸ்வீட் எடுத்துக்குங்க. அப்படியே உங்ககிட்ட ஒரு விஷயம்..."

பூரணியின் கை பேடாவைத் தாண்டி சைராவிடம் நீண்டது.

"உங்களுக்கு வேணாம்ண்ணா. எனக்கு வேணும்."