ஏழு நாள் டிரினிடாட்

1976. மேற்கிந்தியத் தீவான டிரினிடாடில் டாக்டராக இருந்த மருமகன் இரண்டு விமான டிக்கெட் அனுப்பியிருந்தார். பாலக்கோடு வீட்டில் வஹிதா, கணவரின் மடிப்பு கிழிந்த பழைய கடிதங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, ஏழு நாளைக்கும் திட்டம் போட்டாள்.

“மொத நாள் கடற்கரைங்க. ரெண்டாம் நாள் தார் ஏரி. அது மேலயே நடந்தேன்னு எழுதியிருக்கீங்க. மூணாம் நாள் செவப்புப் பறவைங்க வந்து அடையற காடு. நீங்கதான் வழி காட்டணும்.”

கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்ற உசேன் நெளிந்தார். “முட்டி வலிக்குது புள்ளே. நீ மட்டும் போயிட்டு வாயேன்.”

“பதினஞ்சு வருசமா இந்தக் கடுதாசியிலயே அந்த ஊரைச் சுத்திட்டேன். இப்ப நீங்க வராம எப்படிங்க?”

உசேன் தலையைக் குனிந்துகொண்டார். “வஹிதா, நான் அங்க எறங்கவே இல்ல. கப்பல் அங்க போன நாலு தடவையும் என்னைச் சமையல்கட்டை விட்டு அனுப்பல. போயிட்டு வந்தவங்க சொன்னதைத்தான் எழுதினேன்.”

“தெரியுங்க.”

“எப்படி?”

“பம்பாயில எறங்கினா வெங்காய வெலை எழுதுவீங்க. ஏடன்ல பேரீச்சம்பழ வெலை. இந்த ஊர்க் கடுதாசியில கடலும் பறவையுந்தான். ஒரு கத்திரிக்கா வெலைகூட இல்லியே!”

“அப்பவே கேக்க வேண்டியதுதானே?”

“கேட்டா எழுதறதை நிறுத்திடுவீங்களே.”

வஹிதா பென்சிலை எடுத்தாள்.

“நாலாம் நாள் காலையில மார்க்கெட்டுன்னு போட்டுக்கறேன். ஆசை தீர வெலை கேளுங்க.”