சுமை குறைந்த வீடு

மலைமேல் பக்கத்து ஊர்க்கூட்டமான ஆலத்தூர் நாட்டிலிருந்து வந்த மச்சான் செங்கோடன் குனிந்து உள்ளே நுழைந்ததும், சின்னுசாமிக்குப் பெருமை தாங்கவில்லை. உட்காரச் சொல்வதற்கு முன்பே வீட்டைச் சுற்றிக் காட்டினான்.

காட்டுவதற்கு ஒன்றுமில்லை. அதுதான் பெருமை.

சுவரோரம் அடுக்கியிருந்த பானைகள் போயிருந்தன. பரண் காலி. உறியில் ஒன்றும் தொங்கவில்லை.

விடிந்தால் புருஷனும் பெண்டாட்டியும் சாமைக் காட்டில்தான். பொழுது சாயும்போதுதான் வீடு திரும்புவார்கள். யுத்த காலம் என்பதால் மண்ணெண்ணெயும் கிடைக்கவில்லை. இருட்டுவதற்குள் இத்தனை பாத்திரத்தை யார் கழுவுவது, ஒரு ஆளுக்கு ஒன்று போதாதா என்று சின்னுசாமி ஓயாமல் புலம்பினான். கழுவியது என்னவோ பெண்டாட்டி பெருமாயிதான்.

அவளுடைய தாய்வீட்டுப் பித்தளைக் குடத்தை அவன் மலையடிவாரத்துப் புளியஞ்சோலைக்குக் கொண்டுபோய் விற்றுவிட்டு வந்த அன்று, அண்ணன் செங்கோடன் வீட்டுக்கே போய்விடுகிறேன் என்று அழுதாள். போய்விடுவாளோ என்று உள்ளுக்குள் பயந்தான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அப்புறம் என்ன நினைத்தாளோ, வழிக்கு வந்துவிட்டாள். வெளியே கிளம்பும்போதெல்லாம் வீட்டுச் சாமானில் ஒன்றிரண்டைக் கூடையில் எடுத்துப் போனாள். யாருக்குக் கொடுக்கிறாள் என்று அவன் கேட்கவில்லை, ஒழிந்தால் சரி. கூடையை அவள் தலையில் தூக்கிவிட்டதே அவன்தான்.

பெண்டாட்டி திருந்திவிட்டாள் என்று எடப்புளி நாட்டுப் பங்காளிகள் வரைக்கும் சொல்லிவிட்டான். இப்போது மச்சானிடமும் சொன்னான்.

செங்கோடன் கேட்டுக்கொண்டே நின்றான். உட்காரவில்லை.

மச்சானுக்கும் தனக்கும் சோறு போடச் சொன்னான் சின்னுசாமி.

பெருமாயி ஒரே ஒரு வட்டிலைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். சாமைச் சோற்றிலும் மொச்சைக் குழம்பிலும் ஆவி பறந்தது.

மச்சானுக்கு வட்டில் எங்கே என்று அதட்டினான்.

“ஒரு ஆளுக்கு ஒண்ணு போதுமுன்னு நீங்கதானுங்க சொல்லுவீங்க.”

அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

சின்னுசாமி அப்போதுதான் தன் வீட்டைச் சரியாகப் பார்த்தான். அடுப்பில் ஒரு பானை இருந்தது. மூலையில் ஒரு பாய், அதன்மேல் ஒரு கம்பளி. ஒருவனுக்குத் தாராளமாகப் போதும்.

வாசலில் கூடை தயாராக இருந்தது. தூக்கிவிட இந்த முறை அவள் அண்ணன் வந்திருந்தான்.